வெள்ளிக்கிழமை மதியத்து எரர்

“…அப்படின்னா இந்த வெள்ளிக்கிழமை என் மெஷின்லருந்து பேட்டரியைக் கழட்டச் சொல்லுங்க சார். நசீர் பாய் மெஷின் கழட்டாம அப்படியே தூங்கட்டும். நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவ. வெள்ளிக்கிழமை எரர் என்கிட்ட வருதா இல்லையான்னு பார்த்துடலாம்.”

சொன்னவர் எப்சிபா. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சிஸ்டம் இன்சார்ஜ். சொன்ன இடம் ஜி.எம். அறை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஜி.எம்., நசீர் பாய், அப்புறம் ஓரமாய் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நான்.

நான் எதற்கு அங்கே? அந்த அறையில் இருந்த லேபிள் பிரிண்டர் பேப்பரை மென்று தின்றுகொண்டிருந்தது. அதன் வாயைத் திறந்து பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வேலூர் லாங் பஜாரில் ரேடியோ கழற்றிப் பழகிய கை இப்போது கம்ப்யூட்டர் சாமான்களைக் கழற்றுகிறது என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் பிரிண்டரைப் பார்த்ததைவிட எப்சிபாவைப் பார்த்ததுதான் ஜாஸ்தி.

அந்தக் கம்பெனியில் ஷூ எல்லாம் கார்ட்டன் பெட்டிக்குள் போய், பெட்டி கன்டெய்னருக்குள் போய், கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குப் போகும். ஒவ்வொரு பெட்டி மேலும் கோடு கோடாய் ஒரு ஸ்டிக்கர். அதைப் படிக்க ஒரு ஸ்கேனர். பார்த்தால் கொஞ்சம் குண்டான செல்போன் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு முழுக் கம்ப்யூட்டர் – உள்ளே குட்டியாய் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம், ஒயர் இல்லாமல் நெட்வொர்க், எல்லாம் உண்டு. ஸ்டிக்கரைக் காட்டினால் ‘பீப்’. அந்தப் பெட்டியின் விவரம் காற்றிலேயே பறந்து போய் ஆபீஸ் சர்வரில் உட்கார்ந்துவிடும்.

பீப் வராவிட்டால்?

பெட்டி நகராது. பெட்டி நகராவிட்டால் கன்டெய்னர் நகராது. கன்டெய்னர் நகராவிட்டால் ஜி.எம். நகர்வார் – அறையிலிருந்து டிஸ்பாட்ச் ஷெட்டுக்கு, சத்தம் போட்டுக்கொண்டே.

திங்கள் முதல் வியாழன் வரை பிரச்சினையே இல்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் இல்லை. மதியம் லஞ்ச் முடிந்து வந்தால் மட்டும் நாலு ஸ்கேனர்கள் முரண்டு பிடிக்கும். திரையில் ‘புரோட்டோகால் எரர்’ என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு நம்பர். அவ்வளவுதான். ஏன், எதனால், யாரால்… ஒன்றும் சொல்லாது. ஆபீஸ் மேஜையில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டராவது நாலு வார்த்தை கூடச் சொல்லி அழும். இந்தக் குட்டிக்கு இடமும் கம்மி, பேச்சும் கம்மி.

ஊரைத் தெரிந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை மதியம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஜும்மா தொழுகை. நம் பக்கத்தில் பல கம்பெனிகளில் அன்றைக்கு லஞ்ச் நீளம். தொழுகைக்குப் போகிறவர்கள் போவார்கள். மற்றவர்கள் கேன்டீனில் சாவகாசமாய்ச் சாப்பிட்டு, வேப்பமரத்தடியில் ஒரு சின்னத் தூக்கமும் போடுவார்கள். மற்ற நாட்களில் ஆள் மாற்றி ஆள் சாப்பிடப் போவதால் ஷெட் காலியாவதே இல்லை; வெள்ளிக்கிழமை மட்டும் எல்லோரும் சேர்ந்தே போய், சேர்ந்தே திரும்பி வருவார்கள்.

எரர் வந்த மெஷின்கள் யாருடையவை என்று ஜி.எம். பார்த்திருக்கிறார். நசீர் பாய். அவருடைய தோஸ்துகள் மூன்று பேர். நாலு பேரும் தொழுகைக்குப் போய்விட்டு வந்தவர்கள். அடுத்த வாரமும் பார்த்தார். அதே நாலு பேர். அதற்கடுத்த வாரமும்.

கேன்டீனில் சாப்பிட்டவர்களின் மெஷின்? பீப், பீப், பீப்.

நீங்களே ஜி.எம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பீர்கள்? அவரும் அதே முடிவுக்குத்தான் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனுஷன். தொழிலாளி ஒருவருக்கு மகப்பேறு என்றால் தன் காரையே அனுப்புகிறவர். மதத்தை வைத்துப் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அவர் கண்ணுக்கு எதிரே கணக்கு அப்படி இருந்தது.

“நான் யாரையும் குத்தம் சொல்லலீங்க. ஜோப்புல போட்டுட்டுப் போறாங்களோ, எங்காவது தட்டுதோ, இல்ல வந்ததும் அவசரத்துல எதையாவது அமுக்கிடறாங்களோ… எனக்குத் தெரியாதுங்க. கப்பல் காத்திருக்காது. அதனால தொழுகைக்குப் போறவங்களுக்கு ஸ்கேனர் வேண்டாம். லோடிங்ல போட்டுக்கலாம்.”

 நசீர் பாயின் கை தானாகப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கைக்கு ஒரு கதை உண்டு. நசீர் பாய் பல வருஷம் லோடிங்கில் இருந்தவர். பெட்டி தூக்கித் தூக்கி முதுகுத் தண்டு விலகி, இனி பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். வேலையே போய்விடும் என்றிருந்த நேரத்தில்தான் ஸ்கேனர் வந்தது. எப்சிபாதான் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். ஒருமுறை என்னிடம் நசீர் பாய் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “பெட்டியத் தூக்குன காலத்துல பெட்டிக்கு நான் வேலைக்காரன் சார். இப்ப நான் காட்டுனாத்தான் அது போவும். போ-ன்னா போவும், நில்லுன்னா நிக்கும். பொட்டிக்கு நான் போலீஸ்.”

அந்தப் போலீஸைத்தான் மறுபடியும் மூட்டை தூக்கப் போகச் சொல்கிறார் ஜி.எம். லோடிங்குக்குப் போனால் முதுகு போகும். போகாவிட்டால் வேலை போகும். இல்லையென்றால் தொழுகையை விட வேண்டும். மூன்றில் எதை விடுவார் மனுஷன்?

நாம் முதலில் கேட்டோமே, எப்சிபாவின் சவால் – அது இந்த இடத்தில்தான் வந்து விழுந்தது.

சும்மா வீரத்தில் சொன்ன சவால் இல்லை அது. பின்னால் வேலை இருந்தது.

எப்சிபா வேலூர் பாகாயத்தில் பிறந்து வளர்ந்தவர். அம்மா நர்ஸ், அப்பா வாத்தியார். டிப்ளமோ படித்தது எலக்ட்ரானிக்ஸ். வாத்தியார் வீட்டுப் பெண் என்பது அவர் பேச்சிலேயே தெரியும் – எதையும் இன்னொரு தடவை கேட்பார். “எரர் வந்துச்சு” என்று யாராவது சொன்னால், “வந்துச்சா, இல்ல நீங்க போய்ப் பார்த்தப்ப அங்க இருந்துச்சா?” என்பார். ரெண்டும் ஒன்றுதானே என்று நாம் நினைப்போம். ஒன்றல்ல என்பது எனக்கே அப்புறம்தான் புரிந்தது.

நெட்வொர்க் போட்டுக்கொடுத்த சென்னை இன்ஜினியரை அவர் முன்பே வரவழைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை வந்தார். செவ்வாய்க்கிழமை எல்லாம் ஒழுங்காய்த்தானே இருக்கும்? நோயாளியைப் பார்க்க டாக்டர் வரும்போது காய்ச்சல் மட்டும் ஓடி ஒளிந்துகொள்கிற கதை. ஆனால் அந்த இன்ஜினியரையும் சாதாரணமாய் நினைத்துவிடக் கூடாது. அரக்கோணம் தாண்டி ரயிலில் போய்க்கொண்டிருக்கும்போதே யோசித்திருக்கிறார். அங்கிருந்தே செல்போனில் கூப்பிட்டார்.

“மேடம், ஒன்னே ஒன்னு கேக்க மறந்துட்டேன். ஷெட்ல மேல மாட்டியிருக்கே ஒரு வயர்லெஸ் பாக்ஸ்… அது கடைசியா எப்ப அணைஞ்சு எரிஞ்சது?”

“அது அணையறதே இல்ல சார். யூ.பி.எஸ்.ல இருக்கு. கரண்ட் போனாலும் தாங்கும்.”

“நிச்சயமா?”

எப்சிபாவிடமே ‘நிச்சயமா’ என்று கேட்ட ஆள். அந்த ஒரு வார்த்தை எப்சிபாவை அடுத்த வெள்ளிக்கிழமை கேன்டீனுக்குப் போகவிடாமல் ஷெட்டிலேயே உட்காரவைத்தது. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, எலுமிச்சை சாதம் சாப்பிட்டபடியே, அந்த வயர்லெஸ் பாக்ஸின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எல்லோரும் வெளியே போனார்கள். கடைசியாய் எலக்ட்ரீஷியன் சலீம் பாய் வந்தார். மெயின் சுவிட்சை இறக்கினார். ஃபேன் நின்றது. பாக்ஸின் பச்சை விளக்கு அப்படியே எரிந்தது – யூ.பி.எஸ். தாங்குகிறது. பிறகு சலீம் பாய் நிதானமாய் நடந்து போய், அந்த யூ.பி.எஸ்.ஸையும் அணைத்தார்.

பச்சை விளக்கு செத்தது.

“ஐயோ பாய், அத எதுக்கு ஆஃப் பண்றீங்க?”

சலீம் பாய் திடுக்கிட்டுத் திரும்பினார். “யாரு, எப்சியா? இன்னா தங்கச்சி, இருட்டுல உக்காந்து சாப்புட்ற? நான் எப்பவும் பண்றதுதானே இது. பக்கத்துல ஃபினிஷிங்ல தின்னர் வாசம், ஒரு பொறி பட்டா பத்திக்கும். ஆள் இல்லாத எடத்துல கரண்ட் இருக்கக் கூடாது. முன்ன ஒரு கம்பெனில வெள்ளிக்கிழமை இதே நேரத்துல ஷெட்டு பத்திக்கினதப் பார்த்தவன் நானு. கரண்டு வந்து விருந்தாளி மாதிரிம்மா. வாசவரைக்கும் கூடப்போயி அனுப்பி வெச்சுட்டுத்தான் நாம கதவச் சாத்தணும்.”

எனக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. கரண்டை விருந்தாளி என்று சொன்ன இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அவர் பயத்தில் அணைக்கவில்லை, மரியாதையில் அணைக்கிறார்.

சரி, பாக்ஸ் அணைந்தால் நசீர் பாய் மெஷினுக்கு ஏன் எரர்? அதை எப்சிபா எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் நிற்கிறது என்று வையுங்கள். அந்த வயர்லெஸ் பாக்ஸ்தான் கண்டக்டர். ஸ்கேனர்கள் பயணிகள். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கண்டக்டர் ஒரு சீட் நம்பர் தருகிறார். யாருக்கு எந்த சீட் என்பதை மனசிலேயே வைத்திருக்கிறார். எல்லாம் நன்றாய்ப் போகிறது.

பாக்ஸ் அணைந்து எரிந்தால், கண்டக்டருக்கு எல்லாம் மறந்துபோகும். புதிதாய் டூட்டிக்கு வந்தவர் போல ஒன்றாம் நம்பரிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்.

இப்போது ஸ்கேனர்களைப் பாருங்கள். கேன்டீனுக்குப் போகிறவர்கள் மெஷினை இடுப்புப் பையிலேயே வைத்துக்கொள்வார்கள். அது அணைவதில்லை, தூங்குகிறது – தன் சீட் நம்பரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. தொழுகைக்குப் போகிறவர்களோ, விலை உயர்ந்த சாமான் கூட வேண்டாமென்று, கவுன்ட்டரில் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். ஒப்படைத்த மெஷினில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும் என்பது கம்பெனி ரூல். பேட்டரி கழன்றால் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குப் பழசு எல்லாம் மறந்துவிடும்.

தொழுதுவிட்டு வந்து, வேறு பேட்டரி போட்டு ஆன் செய்கிறார் நசீர் பாய். மெஷின் பணிவாய்க் கேட்கிறது: “எனக்கு எந்த சீட்டு?” கண்டக்டர் பஸ்ஸைப் பார்க்கிறார். தூங்குகிறவர்கள் யாரும் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை. சீட் காலிதான் என்று நினைத்து நம்பரைக் கொடுத்துவிடுகிறார். இவர் போய்ப் பார்த்தால்… அங்கே ஏற்கெனவே ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

தகராறு ரெண்டு பேருக்கும் பொது. ஆனால் எரர் யார் திரையில் வருகிறது? நின்றுகொண்டிருப்பவர் திரையில் மட்டும்தான். உட்கார்ந்திருப்பவர் கண் விழித்து, கொட்டாவி விட்டு, பீப் பீப் என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். தன்னால் ஒரு சிக்கல் வந்ததே அவருக்குத் தெரியாது.

“ஒழுங்கா ரூல்படி ஒப்படைச்சுட்டுப் போனவங்களுக்குத்தான் எரர் வருது அண்ணே. ஒப்படைக்காம இடுப்புலயே வெச்சிருந்தவங்களுக்கு ஒன்னும் இல்ல” என்றார் எப்சிபா.

 மெஷினை மட்டுமா சொல்கிறார்? புது மருமகள் வந்த வீட்டில் சண்டை வந்தால் யார் முகத்தில் எரர் காட்டும்? புதிதாய் ஒருவர் குடிவந்த தெருவில் தண்ணீர் வராவிட்டால்? முதலில் உட்கார்ந்தவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள். தூங்கிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எப்சிபா தான் கண்டுபிடித்ததையே முழுசாய் நம்பிவிடவில்லை. “இது என் கற்பனையாவும் இருக்கலாம்ல? மாத்திப் பார்த்தாத்தான் தெரியும்” என்றார். அதற்குத்தான் ஜி.எம். அறையில் அந்தப் பந்தயம். தன் அனுமானம் தப்பென்றால் நசீர் பாய் லோடிங்குக்குப் போவார். தன் பேரும் கெடும். தெரிந்தேதான் கேட்டார்.

ஜி.எம். கொஞ்சம் யோசித்தார். “சரிங்க. இந்த ஒரு வாரம்.”

வெள்ளிக்கிழமை வந்தது. பிரிண்டர் அதற்குள் சரியாகிவிட்டது. இருந்தாலும் ரிப்பன் கொடுக்கிற சாக்கில் நானும் போய் நின்றேன். என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

தொழுகைக்குப் போகிற நாலு பேரின் ஸ்கேனரும் எப்சிபாவின் மேஜை மேல், பேட்டரி கழற்றாமல், நாலு பிள்ளைகளைப் படுக்கவைத்தது போல வரிசையாய்த் தூங்கின. எப்சிபாவும் கேன்டீன் கூட்டத்து மற்ற ஆட்களும் மெஷினைக் கவுன்ட்டரில் ஒப்படைத்தார்கள். பேட்டரிகள் கழன்றன. சலீம் பாய் வழக்கம்போல மெயினை இறக்கி, யூ.பி.எஸ்.ஸையும் அணைத்து, விருந்தாளியை வாசல்வரை அனுப்பிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நசீர் பாய் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். “தங்கச்சி, எதுக்கும் நீயும் உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லி வெய்யி.”

“காலையிலயே சொல்லிட்டேன் பாய். நீங்க நேரத்துக்குப் போங்க.”

லஞ்ச் முடிந்தது. மெயின் ஏறியது. ஃபேன் சுற்றியது. பாக்ஸில் பச்சை விளக்கு.

நசீர் பாய் தன் மெஷினை எடுத்தார்.  எழுப்பினார். முதல் பெட்டியின் ஸ்டிக்கரைக் காட்டினார்.

பீப்.

அடுத்த பெட்டி. பீப். அவருடைய தோஸ்துகள் மூன்று பேருக்கும் பீப், பீப், பீப்.

எப்சிபா தன் மெஷினில் வேறு பேட்டரி போட்டு ஆன் செய்தார். அவர் தோளுக்குப் பின்னால் ஜி.எம். நின்றுகொண்டிருந்தார். ஒரு பெட்டியைக் காட்டினார் எப்சிபா. சத்தமில்லை. திரையில் நிதானமாய் ஒரு வரி வந்தது: புரோட்டோகால் எரர்.

ஓர் எரரைப் பார்த்து மனுஷர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் என் தொழிலில் பார்த்ததில்லை.

“அப்ப தொழுகைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்களா?” என்றார் ஜி.எம். மெல்ல.

“சம்பந்தம் இருக்கு சார். குத்தம் இல்ல.”

ஜி.எம். அதை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது போல் இருந்தது. பிறகு நேராய் நசீர் பாயிடம் போனார். மன்னிப்பு என்கிற வார்த்தையெல்லாம் வரவில்லை. பெரிய நாற்காலியில் இருப்பவர்களுக்கு அந்த வார்த்தை லேசில் வாயில் வராது. ஆனால் கீழே கிடந்த ஒரு பெட்டியைத் தானே குனிந்து தூக்கி, ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“காட்டுங்க பாய். கன்டெய்னர் நிக்குது.”

நசீர் பாய் காட்டினார். பீப்.

“போலாம் சார்” என்றார் நசீர் பாய். பெட்டியிடம் சொன்னாரா, ஜி.எம்.மிடமா… தெரியாது. ஜி.எம். பெட்டியோடு நகர்ந்தார்.

வைத்தியம் சுலபம்தான். சென்னை இன்ஜினியர் போனில் வழி சொல்ல, எப்சிபா ஒவ்வொரு ஸ்கேனருக்கும் நிரந்தரமாய் ஒரு நம்பரைப் போட்டார். இனி கண்டக்டர் மறந்தாலும் பரவாயில்லை, தூங்கினாலும் விழித்தாலும், பேட்டரி கழன்றாலும், அவரவர் சீட் அவரவருக்கு. முதல் நம்பரைத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் கடைசி நம்பரை எடுத்துக்கொண்டார் என்பதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சொல்லிவிட்டேன்.

ஆனால் ஓர் ஆள் மட்டும் வாடிப்போனார். சலீம் பாய்.

“அப்ப இத்தினி நாளா நசீரை பேஜார் பண்ணது என் கையா? நான்தானே ஆஃப் பண்ணேன்…” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை பாய் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காதில் ஏறவில்லை. எப்சிபாவிடமே வந்து நின்றார்.

“தங்கச்சி, பேசாம நான் வெள்ளிக்கிழமை ஆஃப் பண்றதையே உட்டுடறேன். எதுக்கு வம்பு?”

“நீங்க ஆஃப் பண்ணாமப் போனீங்கன்னா மசூதி வாசலுக்கே வந்து சண்ட போடுவேன் பாய். தின்னர் இருக்கற எடம் இது.”

சிரித்தார். ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் வெளியே போன பிறகு, மெயின் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றவர் கையைத் தூக்கவேயில்லை. கைப்பிடியைப் பார்க்கிறார். மேலே பாக்ஸின் பச்சை விளக்கைப் பார்க்கிறார். வாசலில் நசீர் பாய் செருப்பு மாட்டிக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கிறார். தொழுகைக்கு நேரமாகிறது.

அன்றும் ஷெட்டிலேயே சாப்பிட உட்கார்ந்திருந்த எப்சிபா டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். சலீம் பாயைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கைப்பிடியைத் தானே பிடித்துக் கீழே இறக்கினார்.